அப்பா எடுக்காத படம்

(திருநெல்வேலியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரங்கத்துக்குள் வரும்போது வாசலிலேயே ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: “சார், இதுவரைக்கும் எத்தனை புலி பாத்திருக்கீங்க?” போகிற ஊரில் எல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். தம்பி, உங்களுக்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அரங்கத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் உச்சிக் கவட்டையில் ஒரு காகம் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. நான் வந்து இறங்கிய கால் மணி நேரத்துக்குள், துருப்பிடித்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை அது மூன்று முறை வாயில் கவ்வித் தூக்கி, மூன்று முறையும் கீழே போட்டது. உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தீர்கள்?

ஒரு கை உயர்ந்திருக்கிறது. அந்தத் தங்கைக்கு என் வணக்கம். நான் இன்று பேச வந்திருப்பது அந்த ஒரு கையைப் பற்றித்தான்.

காட்டுயிர் ஒளிப்படக்கலையைத் தொழிலாகக் கொள்வது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். எந்த உயிரை உங்களால் ஆயிரம் முறை பார்க்க முடியுமோ, அந்த உயிர்தான் உங்களை ஒளிப்படக்காரர் ஆக்கும். இனிப் பேசப்போவது எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

என் அப்பா ஒரு சிறிய ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, இறந்தவர் படம், எல்லாம் அவர்தான். பள்ளி விடுமுறையில் லைட் பிடிப்பது என் வேலை. கேமராவைத் தொட அனுமதி கிடைத்த வயதில், குளத்தங்கரையில் ஒரு காகத்தையும் ஒரு கொக்கையும் எடுத்துவிட்டேன். ஃபிலிமைக் கழுவிப் பார்த்த அப்பா சத்தம் போட்டார். “ஏல, ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். காக்காய எடுத்தா எவன்ல காசு குடுப்பான்?” அவர் கோபம் நியாயமானது. ஒவ்வொரு படத்துக்கும் காசு எண்ணி வைக்க வேண்டிய காலம் அது.

ஆனால் அந்த இரண்டு படங்களிலும் ஒரு புதிர் இருந்தது. படம் முழுவதையும் நிறைத்து நின்ற காகம் கறுப்பாக இல்லாமல் வெளிறிப்போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. வெயிலில் பளீரென்று நின்ற கொக்கோ அழுக்குத் துணி போல மங்கியிருந்தது. அப்பாதான் காரணம் சொன்னார். கேமராவின் ஒளிமானிக்குக் காகம், கொக்கு என்றெல்லாம் தெரியாது. தன் முன்னால் எது நின்றாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கத்தான் பார்க்கும். படச்சட்டத்தை நிறைக்கும் கறுப்புக்கு ஒளியைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதே காகம் வெளுத்த வானத்தின் எதிரே உட்கார்ந்தால் கணக்கு தலைகீழ். அப்போது ஒளியைக் கூட்ட வேண்டும். அதே கொக்கு இருண்ட மரநிழலின் எதிரே நின்றால் குறைக்க வேண்டும். இன்றைய கேமராக்கள் எவ்வளவோ கெட்டிக்காரத்தனம் பெற்றுவிட்டன. ஆனாலும் இந்தக் கணக்கு கைக்கு வராதவர், நல்ல வெளிச்சம் நாலு விநாடி மட்டும் கிடைக்கும் இடத்தில் தோற்றுத்தான் போவார். எனக்கு ஒளியளவு சொல்லித் தந்த ஆசிரியர்கள் காகமும் கொக்கும்தான்.

மற்ற பாடங்களுக்கும் வாசலிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேகத்துக்கு அணில். மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் அணிலை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்குக் குறையாமல் நிறுத்திப் பழகியவருக்கு, பிறகு எந்த விலங்கின் ஓட்டமும் பயம் தராது. பனைமரத்தைச் சுற்றிப் பறக்கும் உழவாரன் குருவி, பறப்பதோடு சேர்த்துக் கேமராவை நகர்த்தச் சொல்லித்தரும். முன்கூட்டி அறிவதைத் தட்டான் சொல்லித்தரும். பல தட்டான்கள் எழுந்து போய் இரை பிடித்துவிட்டு, அதே குச்சியின் நுனிக்கே திரும்பி வந்து உட்காரும். பறப்பதைத் துரத்துகிறவர் களைத்துப் போவார். குச்சியைக் குறிவைத்துக் காத்திருப்பவருக்குப் படம் கிடைக்கும். ஓணான் நம்மை மண்ணில் படுக்க வைக்கும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் அது ஒரு பூச்சி மாதிரி தெரியும். அதன் கண்மட்டத்துக்கு இறங்கிப் படுத்து, கழுத்தில் சிவப்பேறித் தலையை மேலும் கீழும் ஆட்டும் ஆண் ஓணானைப் பாருங்கள். தன் எல்லையைக் காக்கும் ஒரு சிற்றரசன் உங்கள் முன் நிற்பான்.

இப்போது புலிக்கு வருகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் எனக்கும் புலிப் பித்து இருந்தது. சம்பாதித்ததை எல்லாம் காட்டுப் பயணத்துக்கே கொட்டினேன். முதல் மூன்று ஆண்டுகளில் நான் புலியைக் கண்ணால் பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. அந்த நேரத்திலும் என்னைச் சுற்றி ஏழெட்டு ஜீப்புகள். எல்லா ஜீப்பிலும் என்னுடையதைவிடப் பெரிய லென்ஸ். புலி சாலையைக் கடந்தது. எல்லோரும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே படத்தை எடுத்தோம். அன்று இரவு விடுதியில் என் படங்களைப் பார்த்தபோது, இதில் என்னுடையது என்று எதைச் சொல்வேன் என்ற கேள்வி நெஞ்சில் குத்தியது. புலியின் மீது எனக்கு எள்ளளவும் குறையாத மரியாதை உண்டு. அது இருக்கும் காடுதான் நம் தாமிரபரணிக்குத் தண்ணீர் தருகிறது. ஆனால் ஒரு மணி நேரம் மட்டும் பழகிய ஒருவரைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்?

ஊர் திரும்பினேன். அந்த ஆண்டுதான் நயினார்குளத்தங்கரையில் ஒரு மடையானைக் கவனிக்கத் தொடங்கினேன். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். பெயரிலேயே மடை இருக்கிறது. வயலின் வாய்மடையிலோ குளத்தின் ஓரத்திலோ கழுத்தை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கிக்கொண்டு, மண்கட்டி போல உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நாம் போகும்வரை அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியாது. திடீரென்று எழுந்து பறந்தால், அந்த மண்கட்டிக்குள்ளிருந்து தூய வெள்ளைச் சிறகுகள் விரியும். அந்த ஒரு கணத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் பார்க்க விரும்பியது அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை.

காலை ஆறரைக்கு அது வரும். ஆகாயத்தாமரை இலைமேல் நடந்து, தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கும் ஓரிடத்தில் நிற்கும். பிறகு அசைவே இருக்காது. என் முழங்கைக்குக் கீழே சிறுகற்கள் அழுத்தும். கொசு காதோரம் ரீங்காரமிடும். பறவையோ இமைக்கவும் மறந்தது போலிருக்கும். பிறகு, உடம்பு நின்ற இடத்தில் நிற்க, கழுத்து மட்டும் மயிரிழை மயிரிழையாக முன்னே நீளும். அது நீள்வதை நீங்கள் பார்க்க முடியாது, நீண்டிருப்பதைத்தான் பார்க்கலாம். அதன் மஞ்சள் கண்கள் அலகின் இரு பக்கமும் கீழ்நோக்கிப் பார்க்கும். ஒரு தெறிப்பு. அலகில் விரல் நீளக் கெண்டை துடிக்கும். தலைமுதலாக விழுங்கும்படி அதை ஒரு முறை தூக்கித் திருப்பிக்கொள்ளும். தொண்டையில் ஒரு மேடு இறங்கும். மறுபடியும் மண்கட்டி.

இருநூறு காலைகளாவது அந்தக் கரையில் படுத்திருப்பேன். முதல் இருபது நாள் அது என்னைக் கண்டு பறந்தது. பிறகு பத்தடி தள்ளி உட்கார்ந்தது. பிறகு நான் ஒரு கல்லாகிவிட்டேன். இனப்பெருக்கக் காலம் வந்தபோது அதன் மண்நிற முதுகில் ஆழ்ந்த கருஞ்சிவப்பு ஏறிற்று. பின்தலையிலிருந்து நீண்ட இறகுகள் தொங்கின. அப்போது நான் எடுத்த வரிசைப் படங்கள்தான், முதன்முதலாக ஓர் ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “இந்தப் பறவையை இதுவரை நான் பார்த்ததே இல்லை” என்று சொல்ல வைத்தவை. அவர் தினமும் பார்த்த பறவை அது. என் பெயரைச் சிலர் நினைவில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தது அந்த மடையானால்தான்.

நண்பர்களே, இது புதிய கருத்து ஒன்றும் இல்லை. நம் மரபிலேயே ஊறியது. சங்கப் புலவர்களில் நச்செள்ளையார் என்ற பெண்பாற் புலவர் இருக்கிறார். விருந்து வருவதை அறிவித்துக் கரையும் காகத்துக்கு எவ்வளவு சோறு படைத்தாலும் தகும் என்ற கருத்தில் அவர் பாடிய பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. அதனால் அவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்தது. யானையும் புலியும் உலவிய காலத்தில், காகத்தைப் பாடியதால் ஒரு கவிஞருக்குப் பெயர் கிடைத்தது என்றால், கேட்டவர்கள் அந்தப் பார்வையை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்! திணை ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கையும் பறவையையும் கருப்பொருள் என்று வைத்த மொழி நம்முடையது.

நம் காலத்துக்கு வந்தால், இந்தத் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணனைச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் மட்டும் படம் எடுத்தவர். யானைகளை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் 1950 முதல் 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் எழுதிய பத்தியைப் படித்துப் பாருங்கள். அணில், காகம், ஆடு, தெருவோர மரம் என்று வீட்டைச் சுற்றியிருக்கும் உயிர்களுக்கு அதில் யானைக்குக் குறையாத இடம் இருக்கும். தமிழிலும் அவர் எழுதியிருக்கிறார். அவருடைய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்துத் தந்திருக்கிறார். உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலும் இந்தக் கலை சாதாரண உயிர்களிடமிருந்துதான் தொடங்கியது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்டன், செர்ரி கியர்டன் என்ற அண்ணன் தம்பி இருந்தார்கள். 1892இல் தம்பி எடுத்த பறவைக் கூட்டின் படம்தான் அவர்களை இந்த வழியில் இழுத்துவிட்டது. ஏதோ அரிய பறவையின் கூடு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் பாடித்திரியும் ஒரு பறவையின் கூடு. பிறகு மாட்டுத்தோலைப் பொம்மையாகச் செய்து, அதற்குள் ஒளிந்து நின்றெல்லாம் படம் எடுத்தார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து, சாம் ரவ்லி என்ற இளைஞர் லண்டன் சுரங்க ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஒரு வாரம் இரவுகளில் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடந்தார். பயணி ஒருவர் சிந்திய ஒரு துணுக்கு உணவுக்காக இரண்டு சுண்டெலிகள் பின்னங்காலில் எழுந்து நின்று மல்லுக்கட்டிய ஒரு நொடி அவருக்குக் கிடைத்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில், 28,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்து அதை 2020இல் மக்கள் விருதுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சுண்டெலிக்கு! நம் கோயம்புத்தூர்க்காரர் வருண் ஆதித்யா 2016இல் நேஷனல் ஜியாகிரஃபிக் போட்டியில் விலங்கு உருவப்படப் பிரிவில் முதல் பரிசு பெற்றது எதற்காக? பச்சைப் பாம்புக்காக. கண்கொத்திப் பாம்பு என்று பயந்து நம் ஊரில் அடித்துக் கொல்கிறோமே, அதே பாம்பு.

சரி, வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். பெற்றோர் உங்களிடம் கேட்கப்போவது அதைத்தான். கேட்க வேண்டியதும்தான்.

காட்டுயிர்ப் படங்களை விற்று மட்டும் வீடு நடத்துகிறவர்கள் மிகச் சிலர். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டினால் நான் பாவம் செய்தவனாவேன். நான் பத்தாண்டுகள் கல்யாணப் படம் எடுத்தேன். முகூர்த்த நாள்களில் மண்டபம். மற்ற நாள்களில் குளத்தங்கரை. அதை நான் ஒருபோதும் தாழ்வாக நினைத்ததில்லை. தாலி கட்டும் கணம் இரண்டாம் முறை வராது; அந்தப் பதற்றத்தில் கை நடுங்காமல் எடுக்கக் கற்றவனுக்கு மீன்கொத்தியின் பாய்ச்சல் கைக்கு எட்டும். ஆகவே முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வேறொரு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலை, ஸ்டூடியோ, வீடியோ தொகுப்பு, எதுவானாலும் சரி.

கடன் வாங்கிப் பெரிய லென்ஸ் வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருக்க மனம் வராது. பழைய கேமரா ஒன்றும், பிறர் பயன்படுத்திய நடுத்தர லென்ஸ் ஒன்றும் போதும். நெருங்கப் பழகிய அணிலுக்கு 600 மில்லிமீட்டர் லென்ஸ் தேவையில்லை. பல்லி, சிலந்தி, தவளை போன்றவற்றைக் கைபேசியிலேயே தரமாக எடுக்கலாம்.

படம் எடுத்த அன்றே குறிப்பு எழுதுங்கள். நாள், நேரம், இடம், உயிரின் பெயர், அது என்ன செய்தது. ‘ஒரு பறவை’ என்று எழுதிய படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ‘தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் நான்கு பெரியவை ஒரே குஞ்சுக்கு மாறி மாறி இரை ஊட்டுகின்றன’ என்று எழுதிய படம் பாடநூலுக்கும் போகும், ஆய்வாளர் மேசைக்கும் போகும். படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்து, இரண்டையும் வேறு வேறு வீடுகளில் வையுங்கள். எழுதவும் பேசவும் பழகுங்கள். தமிழில் நல்ல நான்கு வரி எழுதத் தெரிந்த ஒளிப்படக்காரருக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

வேலை எங்கிருந்து வரும்? என் முதல் பெரிய வருமானம் நெல்வயலில் கிடைத்தது. உழவர்களுக்கான கையேடு ஒன்றுக்குச் சிலந்தி, தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு ஆகியவற்றின் தெளிவான படங்கள் வேண்டும் என்றார்கள். பயிரைத் தின்பது எது, பயிரைத் தின்பதைத் தின்பது எது என்று உழவர் பிரித்தறிந்தால் வீணாக மருந்தடிக்க மாட்டார். தேடிப் பார்த்தால், அந்தப் படங்கள் யாரிடமும் முறையாக இல்லை. எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். பாம்புக்கடி விழிப்புணர்வுக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் படங்கள் வேண்டும். கட்டுவிரியனைப் போலவே தோன்றும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பின் படமும் பக்கத்திலேயே வேண்டும். பயிற்சி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்; பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் துணையோடு, தள்ளி நின்று எடுங்கள். பாடநூல், அருங்காட்சியகம், வனத்துறை வெளியீடு, ஆய்வு நிறுவனம், ஆவணப்படம், பயிற்சி முகாம், பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டுதல் என்று பல சிறு ஓடைகள் சேர்ந்துதான் இந்தத் தொழில் ஆறாகும். ஆவணப்படத்தின் வீச்சு எவ்வளவு என்பதற்கு நம் ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் சான்று. தெப்பக்காட்டு யானைக்குட்டியையும் அதை வளர்த்தவர்களையும் பற்றிய அவருடைய படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியது.

ஒரு பத்திரிகை என் படங்களைப் போட்டுவிட்டுப் பணம் தராமலே விட்டது. வாய்ப்பேச்சை நம்பியது என் தவறு. எந்த வேலையானாலும் தொகையையும் பயன்பாட்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இங்கே பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பத்து நாள் காட்டில் தங்க வீட்டில் விடமாட்டார்கள் என்ற கவலை பலருக்கு இருக்கும். அந்தக் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மொட்டைமாடிச் சுவரில் மண்குடம் போலக் கூடு செய்யும் குளவி, முருங்கை மரத்துத் தேன்சிட்டு, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு, குழல்விளக்கடியில் வேட்டையாடும் பல்லி, இவற்றை எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டு வாசலில் ஓராண்டு உழைத்த ஒரு நல்ல படத்தொகுப்பைக் காட்டினால், வெளியே செல்லும் கதவும் எளிதில் திறக்கும்.

அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு இன்றும் வலிக்கும் ஒன்று. இருபத்திரண்டு வயதில், ஒரு மருதாணிச் செடிக்குள் சின்னானின் கூட்டைக் கண்டேன். கொண்டை வைத்துக்கொண்டு எல்லாத் தோட்டத்திலும் பாடுமே, அந்தப் பறவைதான். மூன்று குஞ்சுகள். இலை மறைத்ததால், சிறு கத்தியால் இரண்டு கிளைகளை வெட்டிவிட்டேன். அருமையான படம் கிடைத்தது. மறுநாள் காலை போனபோது கூடு காலியாக இருந்தது. நான் திறந்துவிட்ட அந்த இடைவெளி வழியே ஏதோ ஒன்று குஞ்சுகளைப் பார்த்துவிட்டது. தாயும் தந்தையும் வாயில் பூச்சியோடு செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அந்தப் படத்தை நான் எங்கும் கொடுத்ததில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை, எனக்காகவே வைத்திருக்கிறேன்.

அரிய விலங்கு என்றால் கேள்வி கேட்க வனக்காவலர் இருக்கிறார். சின்னானுக்கும் ஓணானுக்கும் கேள்வி கேட்க நம் மனச்சாட்சியைத் தவிர யார் இருக்கிறார்கள்? கூட்டை நெருங்காதீர்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி அழைக்காதீர்கள். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்தது உயிரின் படமாகாது. நாம் விலகிய பிறகும் அந்த உயிர் தன் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதுதான் நம் தொழிலின் அளவுகோல்.

இதில் நம் மக்களே நமக்கு ஆசான்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போனால், வீட்டு முற்றத்து மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். எச்சம் விழுகிறதே என்று யாரும் விரட்டுவதில்லை. சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. கேமரா இல்லாமலே காட்டுயிரைப் போற்றத் தெரிந்தவர்கள் இவர்கள்.

நிறைவாக, அப்பாவிடம் திரும்புகிறேன்.

எங்கள் ஊருக்கு வெளியே செத்த மாட்டைக் கொண்டுபோய்ப் போடும் பொட்டல் ஒன்று இருந்தது. சுற்றிலும் பனைகள். அங்கே பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். பாறு என்பது அதன் அழகான பழைய பெயர். அப்பா தினமும் சைக்கிளில் அந்தப் பொட்டலைத் தாண்டித்தான் ஸ்டூடியோவுக்குப் போனார். வெண்முதுகுப் பாறு 1980களில் உலகிலேயே மிக அதிகமாக இருந்த பெரிய இரைகொல்லிப் பறவையாகக் கருதப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் இந்தியாவில் அதன் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரியவந்தது. மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதற்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று பாறு பார்க்க வேண்டுமானால் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

அப்பா இறந்தபிறகு ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பது ஆண்டு உழைப்பு. ஊரில் உள்ள எல்லா முகங்களும் இருந்தன. கோயில் கொடை இருந்தது, தேர் இருந்தது, வெள்ளம் வந்த குளம் இருந்தது. பாறு ஒன்றுகூட இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் பார்ப்பதை யார் எடுப்பார்கள்? நாளைக்கும் இருக்கும் என்று அவர் நினைத்தார். ஊரே நினைத்தது.

காகத்தைப் பற்றியும் நாம் அப்படித்தான் நினைக்கிறோம். சட்டமும் அதை மதிக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் தீங்குயிர்கள் என்று ஓர் அட்டவணை இருந்தது. எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காகமும் அதில்தான் இருந்தது. 2022இல் செய்த திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான், 2023 ஏப்ரலில், அந்த அட்டவணையே இல்லாமல் போனது. காக்கைபாடினியார் பிறந்த நாட்டில் காகத்தின் மேல் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில். நான் பார்த்த புலிகள் பதினொன்று. பார்த்த காகங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு எனக்குத் தெரிந்த காகம் ஒன்று, எங்கள் வீட்டுக்கு எதிர்வேம்பில் ஏழு ஆண்டுகளாகக் கூடு கட்டுகிறது. இடது சிறகில் ஓர் இறகு வெளுத்திருப்பதால் அடையாளம் தெரியும். ஒரு சித்திரையில் அதன் கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சுகளில் ஒன்று குயில். தன்னிலிருந்து வேறாக வளர்ந்துகொண்டிருந்த அந்தக் குஞ்சு சிறகை நடுக்கி வாய்பிளந்து கத்தும்போதெல்லாம், காகம் ஓடி ஓடி ஊட்டியது. முப்பது ஆண்டுத் தொழிலில், என் சுவரில் நான் மாட்டி வைத்திருக்கும் ஒரே படம் அதுதான்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் சைக்கிளை எடுக்கப் போவீர்கள். வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அந்தக் கட்டுக்கம்பி இதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்து, எனக்கும் வந்து சொல்லுங்கள். நான் வாசலில் காத்திருக்கிறேன்.